திருஷ்டிக்கு ஒன்னு

வாங்க தம்பி, வாங்க. வண்டி பார்க்க வர்றேன்னு போன்ல சொன்னது நீங்கதானுங்களா? செருப்போடயே வாங்க, பரவால்ல. வண்டி பின்னால தகரக் கொட்டாய்ல நிக்குது, எங்கயும் ஓடிப்போயிராது. சித்த உக்காந்து காபி குடிச்சுப்போட்டுப் போய்ப் பார்க்கலாம். ஊட்டுக்காரி இல்லீங்க, பவானிக்குப் போயிருக்கறா, பஸ்ஸுல. காபி நானே போட்டேன். சர்க்கரை வேண்டாங்களா? அட, இது நாட்டுச்சர்க்கரைங்க, ஒன்னும் பண்ணாது. கவுந்தப்பாடிச் சந்தையில இத்தனை வருசமா நான் பண்றது இந்த யாவாரந்தான். என்ற ஊட்டுக்கு வந்து சர்க்கரை இல்லாத காபி குடிச்சேன்னு நீங்க வெளியில சொல்லப்படாது. போட்டாச்சு, குடிங்க.

வண்டியில குறைன்னு ஒன்னு சொல்ல முடியாதுங்க. சொன்னா என் நாக்கு அழுகிப்போகும். சாவி போட்டா சத்தமே கேக்காது, ஓடுதா நிக்குதான்னு கீழ எறங்கித்தான் பார்க்கோணும். ஓடினதும் கொஞ்சந்தான். அப்புறம் ஏன் விக்கறேன்னு நினைக்கறீங்க. நினைக்கத்தான் செய்வீங்க. புது வண்டிய ஒருத்தன் விக்கறான்னா ஒன்னு அடிபட்டிருக்கோணும், இல்ல கடன்காரன் வாசல்ல நிக்கோணும். ரெண்டும் இல்லீங்க. நல்லது செய்யப்போய்க் கெட்ட பேரு வாங்கினவன் நானு. கொட்டாய்ப் பக்கம் போனாலே வயிறு எரியுது.

கொரியாக்காரன் வண்டின்னா நம்ம பக்கம் ஆளுக்கொரு பேச்சு இருக்குது, கேட்டிருப்பீங்க. வாங்கறதுக்கு முன்னால நான் ஊரெல்லாம் விசாரிச்சேன். என்ற மச்சினன் சின்னுசாமி ஜப்பான்காரன் வண்டி வெச்சிருக்கறான். "மாமா, கொரியா வண்டி கல்யாணப் பந்தல் மாதிரி. ஜோடனை பிரமாதமா இருக்கும், மறுநாள் பார்த்தா குச்சிதான் நிக்கும்"ன்னான். பக்கத்துக் காட்டு நாச்சிமுத்து கொரியாக்காரன் வண்டிதான் ரொம்ப வருசமா ஓட்டறான். "ஏசியப் போட்டா சித்திரை மாசத்துல போர்வை கேக்குதுங்ணா, குறை சொல்றவனையெல்லாம் நம்பாதீங்க"ன்னான். பெங்களூர்ல இருக்கற என்ற பெரியவன், "நம்ம நாட்டுக் கம்பெனி வண்டி வாங்குங்கப்பா, இடிச்சாலும் தாங்கும்"ங்கறான். ஏன்டா, இடிக்கறதுக்காடா வண்டி வாங்கறேன்? ஒன்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டேன் தம்பி. தான் வாங்கின வண்டிய எவனும் குறை சொல்லமாட்டான். சொன்னா வாங்கினவந்தான முட்டாளாவான்? அதனால ஊரான் பேச்சக் கேட்டுக் கார் வாங்கறது வெட்டி வேலை. நேரா ஷோரூமுக்கே போயிட்டோம், நானும் என்ற ஊட்டுக்காரி ருக்குமணியும்.

அங்கதானுங்க அந்தப் புள்ளையப் பார்த்தோம். கோகிலவாணின்னு பேரு. காஞ்சிக்கோயில் பக்கம். ஒல்லியா இருக்கும், கறுப்புப் பேண்ட்டு, வெள்ளைச் சட்டை, கழுத்துல கம்பெனி அட்டை. வேட்டி கட்டிட்டு வந்தவனைப் பார்த்து மத்தவனெல்லாம் போனைத் தேய்ச்சுட்டு இருந்தான். இந்தப் புள்ள ஓடி வந்து, "வாங்கம்மா, வாங்க சார், தண்ணி குடிங்க மொதல்ல"ன்னுச்சு. சார்னு கூப்பிட்டது அன்னைக்கு ஒரு நாள்தான். ருக்குமணிதான், "என்ன சாரு, அப்பான்னு கூப்பிடு கண்ணு"ன்னுட்டா. எங்களுக்கு ரெண்டும் பசங்க. பொம்பளப்புள்ள இல்லைங்கற குறை அவளுக்கு உண்டு.

வண்டியப் பத்தி அந்தப் புள்ள பேசிக் கேக்கோணும் நீங்க. மேல கண்ணாடி எப்படித் தொறக்கும், பின்னால கேமரா எப்படிப் பார்க்கும், மழை வந்தா வைப்பர் தானா எப்படி ஓடும், எல்லாம் வாய் ஓயாமச் சொல்லும். இத்தனைக்கும் அதுக்கு ஒரு சைக்கிள்கூடச் சொந்தமா இல்ல. ஆனா பேசறப்பப் பார்த்தா அந்தக் கம்பெனியவே அவங்கப்பன் கட்டின மாதிரி இருக்கும்.

நடுவுல என்னை விட்டுப்போட்டு ருக்குமணியப் பார்த்து, "அம்மாவுக்கு என்ன கலர் பிடிக்கும்?"னு கேட்டுச்சு. இவ வெக்கப்பட்டுக்கிட்டு முந்தானையத் திருகிட்டு, "செவப்பு"ன்னா. ஊட்டுக்கு வந்தும் அதையே பேசிட்டிருந்தா, என்னைக் கேட்டுச்சுங்க அந்தப் புள்ள, என்னைக் கேட்டுச்சுன்னு. நான் வெள்ளைதான் புக் பண்ணினேன். வெள்ளைதானுங்களே மரியாதை? நாளைக்கு வித்தாலும் விலை போகும். நீங்களே வெள்ளைன்னுதானே இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க?

புக் பண்ணினதுல இருந்து வண்டி வர்ற வரைக்கும் தினம் போன்தான். "அம்மா, உங்க வண்டி லாரியில ஏறிருச்சு." "அம்மா, சேலம் தாண்டிருச்சு." அப்புறம் வண்டிப் பேச்சு போயி, முழங்கால் வலிக்கு என்ன தைலம், கொள்ளு ரசத்துக்கு என்ன பொடி, இப்படி ரெண்டு பேரும் பேசிட்டே இருப்பாங்க. அந்தப் புள்ளைக்கு அது பயிற்சிக் காலமாம். அது முடியறப்ப வண்டி வாங்கினவங்க போட்ட மார்க்கெல்லாம் முழுசா இருந்தாத்தான் வேலை நிரந்தரமாம். நிரந்தரம் ஆயிருச்சுன்னா ரெண்டு வருசத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கமாட்டேன்னு அவங்கம்மா ஒத்துக்கிட்டு இருந்துச்சாம். ஆகலைன்னா தாய்மாமன் பையனுக்குக் கட்டிருவாங்களாம். இதெல்லாம் ருக்குமணி எங்கிட்ட அப்பவே சொன்னாளாம். சொல்லியிருப்பா. நான் பேப்பர் படிச்சுட்டு இருந்திருப்பேன். அவ சொல்றதையெல்லாம் காதுல ஏத்திக்கிட்டு யாவாரம் பண்ண முடியுங்களா?

வண்டி எடுக்கற அன்னைக்கு ஒரு புதன்கிழமை. காலையில பத்து மணிக்கே எல்லாம் தயார். பட்டுத்துணி போட்டு மூடி, ரிப்பன் கட்டி, அட்டையில பெருசா ஒரு சாவி செஞ்சு வெச்சிருந்தாங்க. நாங்க போய்ச் சேர்றப்பப் பன்னண்டு ஆயிருச்சு, நாந்தான் ராகு காலம் போகட்டும்னேன். ஒன்னரைக்கு ராகு காலம் போச்சு. அப்புறம் மச்சினன் வந்துதான் டயருக்கு எலுமிச்சம்பழம் வெக்கோணும்னேன். அவன் கோபியில இருந்து வரோணும், நேரம் ஆயிப்போச்சு. அந்தப் புள்ள அத்தனை நேரமும் வண்டிக்குப் பக்கத்துலயே நின்னுச்சு. சாப்பிடப் போ அம்மணின்னா, "டெலிவரி முடியாம நகரக்கூடாதுப்பா"ன்னு சிரிச்சுச்சு. கடைசியில எல்லாரும் கை தட்டி, மணி அடிச்சு, போட்டோ எடுத்துச் சாவியக் குடுத்தாங்க. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு, பொய் சொல்லமாட்டேன்.

கெளம்பறப்ப அந்தப் புள்ள கார் கண்ணாடிப் பக்கம் குனிஞ்சு, ரெண்டு கையும் கூப்பி, "அப்பா, கம்பெனியில இருந்து போன் வரும். பத்துக்கு எத்தனைன்னு கேப்பாங்க. என்னைப் பத்திக் கேட்டா பத்துன்னு மட்டும் சொல்லுங்கப்பா. ஒன்பதுன்னாலும் எனக்கு அது பெயில்தான்"னுச்சு. "உனக்குப் போய் நான் கொறைப்பனா, போ அம்மணி"ன்னேன்.

ஒன்பது பெயிலுங்களாம்! எந்த ஊர்க் கணக்குங்க இது? எங்க காலத்துல முப்பத்தஞ்சு வாங்கினாலே பாசு. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவுல ஒரு புள்ளையோட பொழப்பக் கட்டித் தொங்க விட்டிருக்கறான் பாருங்க.

நாலஞ்சு நாள் கழிச்சுப் போன் வந்துச்சு. மெட்ராஸ்ல இருந்து ஒரு அம்மா பேசுது. செய்தி வாசிக்கற மாதிரி அவ்வளவு சுத்தமான தமிழ். "எங்கள் வாகனத்திற்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் வழங்குவீர்கள் ஐயா?" பத்துன்னேன். "எங்கள் விற்பனை நிலையத்திற்கு?" பத்து. "வரவேற்புக்கு?" அதுக்கும் பத்து. எனக்கென்ன, கட்டடத்துக்கும் தகரத்துக்கும் பத்தென்ன, நூறுகூடக் குடுப்பேன். கடைசியாக் கேட்டுச்சு, "தங்களுக்கு உதவிய எங்கள் பணியாளர் கோகிலவாணிக்கு?"

இங்கதான் தம்பி நீங்க என்னைப் புரிஞ்சுக்கோணும். நம்ம ஊட்டுப் புள்ளைய நாம முழுசாப் புகழுவமா? என்ற சின்னவன் பொறந்தப்பக் கொழுகொழுன்னு இருப்பான். பார்க்க வந்தவங்ககிட்ட, "பாலே குடிக்கறதில்லீங்க, வயித்துக்கு ஒத்துக்கறதில்ல"ன்னுதான் சொல்லுவோம். கன்னத்துல மைப்பொட்டு வெப்போம். புது ஊடு கட்டினாப் பூசணிக்காயில ஒரு பூச்சாண்டி மூஞ்சி எழுதித் தொங்க விடறதில்லீங்களா? எதுக்கு? குறையில்லாம இருந்தாக் கண்ணு பட்டுரும். சந்தையிலயும் அப்படித்தான். ஒரு சர்க்கரை மூட்டையப் பிரிச்சு வாயில போட்டாத் தேனா இனிக்கும். "பரவால்ல"ம்பேன். என் வாயில பரவால்லன்னு வந்தா அது முதல் தரச் சரக்குன்னு சந்தைக்கே தெரியும்.

அந்தப் புள்ளைக்குப் பத்துக்குப் பத்துன்னு ஊர் பேர் தெரியாத ஒருத்திகிட்டச் சொல்றதாவது! ஏற்கெனவே சுத்தியும் பொறாமை புடிச்ச பசங்க. ருக்குமணி பக்கத்துல உக்காந்து பூக் கட்டிட்டு இருந்தவ, பூவைக் கீழ போட்டுட்டு ரெண்டு கையும் விரிச்சுக் காட்டறா, பத்து, பத்துன்னு. எனக்குத் தெரியாதாக்கும்னு கையக் காட்டி அடக்கிப்போட்டு, "ஒன்பது"ன்னேன். திருஷ்டிக்கு ஒன்னு கழிச்சேன். மத்ததுக்கெல்லாம் கழிக்கல, அதைக் கவனிங்க. அந்தப் புள்ளைக்கு மட்டுந்தான் கழிச்சேன். எவ்வளவு பிரியம் இருந்தாக் கழிச்சிருப்பேன்!

அந்த அம்மா உடனே, "ஒரு மதிப்பெண் குறைந்ததற்கான காரணம் என்ன ஐயா?"ங்குது. காரணம் ஒன்னும் இல்லைம்மான்னேன். "காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் ஐயா"ங்குது. கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கறவகிட்டத் திருஷ்டின்னு சொன்னாச் சிரிக்கமாட்டாளா? சரி, இதை வெச்சு அந்தப் புள்ளைக்கு இன்னொரு நல்லது பண்ணலாம்னு தோணுச்சு. "அந்தப் புள்ளைய நேரத்துக்குச் சாப்பிட விடுங்கம்மா. பத்து மணிக்கு வரச்சொன்னாங்க, வண்டி கைக்கு வர்றப்ப ரெண்டரை தாண்டிருச்சு. அதுவரைக்கும் அது பச்சைத்தண்ணி குடிக்கல"ன்னேன். "பதிவு செய்துகொண்டேன் ஐயா, தங்கள் கருத்துக்கு மிக்க நன்றி"ன்னுச்சு. போனை வெச்சுப்போட்டு ருக்குமணிகிட்டச் சொன்னேன், பாரு, ஒரே போன்ல ரெண்டு நல்லது பண்ணிட்டேன்னு. அவ கீழ கெடந்த பூவை எடுத்து, கட்டினதைப் பிரிச்சு மறுபடியும் கட்ட ஆரம்பிச்சா.

அப்புறம் அந்தப் புள்ளைகிட்ட இருந்து போனே இல்ல. ருக்குமணி கூப்பிட்டாலும் எடுக்கல. ஒரு நாள் எவனோ ஒரு பையன் எடுத்து, "மேடம், இது கம்பெனி நம்பர், இனிமே நாந்தான் பார்க்கறேன்"ன்னான். முதல் சர்வீஸுக்கு வண்டிய விடப் போனப்ப அந்தப் புள்ள உக்கார்ற மேசையில அவன் உக்காந்திருக்கறான். கேட்டா மென்னு முழுங்கறான். நேரா மேனேஜர் ரூமுக்குள்ள போயிட்டேன்.

அந்தாளு நல்லாத்தான் பேசினான், அதான் எனக்கு இன்னும் எரிச்சல். "சார், கோகிலவாணிக்கு ஸ்கோர் முழுசா வரலை. டெலிவரி தாமதம்னு கஸ்டமரே சொல்லியிருக்காங்க. எங்க கையில ஒன்னும் இல்ல"ன்னான். "யோவ், அந்தக் கஸ்டமரே நாந்தான்யா! தாமதம் அந்தப் புள்ளையாலயா? ராகு காலம்யா! என்ற மச்சினன்யா!"ன்னு கத்தினேன். ஷோரூமே திரும்பிப் பார்க்குது. "அதை அன்னைக்குப் போன்லயே சொல்லியிருக்கலாமே சார்"ங்கறான். ராகு காலத்தப் பத்தி அந்த அம்மா கேட்டுச்சா என்ன? கேக்காததை எப்படிச் சொல்றது? "சரி, இப்பப் பத்தாக்கு. பத்து இல்ல, பதினஞ்சு போட்டுக்க. நான் கையெழுத்துப் போடறேன்"ன்னேன். "சிஸ்டத்துல ஏறிருச்சுன்னா ஏறினதுதான் சார்"ன்னு காபி கொண்டுவரச் சொன்னான். அவன் காபிய எவன் குடிப்பான்? எந்திரிச்சு வந்துட்டேன்.

அவன் தலைக்கு மேல சுவத்துல ஒரு கேடயம் தொங்குது. வாடிக்கையாளர் மனசுல முதலிடமாம். போன மாசம் பேப்பர்லயும் முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தான் பார்த்தீங்களா? லட்சக்கணக்கான குடும்பங்களின் நம்பிக்கைன்னு, ஒரு குடும்பம் காருக்குள்ள பல்லைக் காட்டிட்டு உக்காந்திருக்குது. அந்த முதலிடம் எப்படி வருதுன்னு எனக்குத் தெரியும் தம்பி. இந்த மாதிரிப் புள்ளைங்க கார் கண்ணாடிக்கு வெளிய நின்னு கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக் குடுத்தது அது. கெஞ்சி வாங்கின பத்து. மனசார ஒருத்தன் குடுத்த ஒன்பது அதுல எங்க இருக்குது? வண்டி நல்லா இருக்குது, அதை நான் இல்லைங்கல. நல்லா இருக்கற வண்டிக்கு எதுக்கய்யா இந்தப் பொழப்பு?

சரி, புள்ளையப் பார்த்து விவரம் சொல்லிரலாம்னு அடுத்த ஞாயித்துக்கிழமை பழம், பூவெல்லாம் வாங்கிட்டு ரெண்டு பேரும் காஞ்சிக்கோயில் போனோம். இதே வண்டியிலதான். அந்தப் புள்ளையோட அம்மா பூங்கொடி வாசலுக்கே ஓடி வந்துச்சு. நான் திட்டு வாங்கத் தயாராத்தான் போனேன். அந்தம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு, "நீங்க தெய்வமாட்ட வந்தீங்கண்ணா! கார்க் கடை, கார்க் கடைன்னு கல்யாணத்தத் தள்ளிட்டே போச்சு. நல்லவேளை நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க. இப்பத்தான் ஊட்டுல உக்காந்திருக்குது. எங்கண்ணன் பையனுக்கே தையில முடிச்சிரலாம்னு இருக்கறோம்"னுச்சு. கேசரி கிண்டிக் குடுத்துச்சு. முந்திரி தாராளமாப் போட்டு நல்லா இருந்துச்சு. ருக்குமணி தட்டைத் தொடல.

அந்தப் புள்ள வந்து கதவு நிலையில சாஞ்சு நின்னுச்சு. நைட்டியில இருந்துச்சு, தலை வாரல. நான் எல்லாத்தையும் பொறுமையா எடுத்துச் சொன்னேன். உனக்குக் கண்ணு படக்கூடாதுன்னுதான் அம்மணி ஒன்னு கழிச்சேன், பெத்தவன் பண்றதைத்தான் பண்ணினேன்னேன். முழுசாக் கேட்டுச்சு. அழல. அழுதிருந்தாச் சமாதானம் பண்ணியிருப்பேன். "நீங்க கெட்டது நினைக்கலைன்னு எனக்குத் தெரியுங்க. ஆனா எனக்கு என்ன வேணும்னு நான் வாயத் தொறந்து சொன்னேன்ல? கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன்ல?"னுச்சு. அவ்வளவுதான். உள்ள போயிருச்சு. பெரிய மனுசன் அவ்வளவு தூரம் தேடி வந்திருக்கறேன், ஒரு வாய்த் தண்ணி வேணுமான்னு கேக்கல பாருங்க. அவங்கம்மாவுக்கே சங்கடமாப் போச்சு.

கல்யாணத்துக்குப் பத்திரிகை வெச்சாங்க. அந்தப் பூங்கொடி சும்மா வெக்கல. "அண்ணா, பொண்ணு மாப்பிள்ளைய அந்தியூர் கூட்டிட்டுப் போறதுக்கு உங்க வண்டிதான் வரோணும். உங்க கையாலதான் இது நடந்துச்சு"ன்னு உரிமையாக் கேட்டுச்சு. ருக்குமணி வேண்டாம்னா. எப்படிங்க மறுக்கறது? ஒரு நல்ல காரியத்துக்கு வண்டி குடுக்கலைன்னா நான் என்ன மனுசன்? கழுவித் தொடைச்சு, முன்னால ரோஜா மாலை, பக்கமெல்லாம் மல்லிகைச் சரம் போட்டு, நானே ஓட்டிட்டுப் போனேன். வந்தவங்க எல்லாரும் வண்டியத்தான் பார்த்தாங்க. ஆரு வண்டிங்க, என்ன வண்டிங்கன்னு எத்தனை பேரு கேட்டாங்க தெரியுங்களா?

தாலி கட்டி, சாப்பாடு முடிச்சுக் கெளம்பினோம். நான் ஓட்டறேன், பக்கத்துல ருக்குமணி. பின்னால பொண்ணும் மாப்பிள்ளையும். மாப்பிள்ளைப் பையன் லோகேசு அந்தியூர்ல ஹார்டுவேர் கடை வெச்சிருக்கறான். தங்கமான பையன், ஒரு குறை சொல்ல முடியாது. பவானி தாண்டறப்ப, "மேல இந்தக் கண்ணாடி தொறக்குமுங்களா?"ன்னு எங்கிட்டக் கேட்டான். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பின்னால இருந்து அந்தப் புள்ள, "தொறக்கும். அந்த பட்டனை ஒருக்கா அமுத்தினாச் சாய்வா நிக்கும், மறுக்கா அமுத்தினா முழுசாப் போகும். மழைத்தண்ணி பட்டா அதுவாவே மூடிக்கும்"னுச்சு.

காலையில இருந்து அது வாயில வந்த மொத வார்த்தைங்க அது. நிக்கவே இல்ல. சீட்டுக்குள்ள இருந்து காத்து வர்றது, பின்னால உக்காந்தவங்க பெல்ட்டுப் போடலைன்னாச் சத்தம் குடுக்கறது, மலைப்பாதையில பின்னால உருளாமப் புடிச்சுக்கறது. "இந்த வசதி இந்த வெலையில வேற எந்த வண்டியிலயும் கெடையாது"ன்னு குரலு கணீர்னு வருது. கண்ணாடியில பார்த்தேன். நெத்திச்சுட்டி ஆட, கையெல்லாம் மருதாணியோட அங்க இங்க காட்டிக் காட்டிப் பேசுது. மொகத்துல அப்படி ஒரு களை. தாலி கட்டினப்பக்கூட அது மொகம் அப்படி இல்ல.

லோகேசு சிரிச்சுப்போட்டு, "போதும் புள்ள, எனக்கே வித்துருவ போல இருக்குது. ஊட்டுல பெரியவங்க எல்லாம் இருப்பாங்க. அங்க வந்து இப்படி லொடலொடன்னு பேசிறாத"ன்னான். தப்பாச் சொல்லல, வெளையாட்டாத்தான் சொன்னான். அந்தப் புள்ள பாதி வார்த்தையில நிறுத்திருச்சு. தூக்கின கையக் கொண்டுபோய் மடியில வெச்சுக்கிச்சு.

வண்டிக்குள்ள கப்சிப்புன்னு ஆயிப்போச்சு. எனக்கு அந்த மாதிரி இருந்தாத் தாங்காது. கலகலப்பாக்கலாம்னு, "கல்யாணம் ஆகலைன்னா இன்னேரம் எங்க அம்மணி அந்த ஷோரூமையே வித்திருக்குமுங்க மாப்பிள்ளை!"ன்னு சொல்லிச் சிரிச்சேன். ஆரும் சிரிக்கல. ஏன் சிரிக்கலைன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

பொண்ணை எறக்கி விட்டோம். ஆரத்தி எடுத்தாங்க. ருக்குமணி அந்தப் புள்ளையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் விடவே இல்ல. திரும்பி வர்றப்ப அந்தியூர் பஸ் ஸ்டாண்டுக்கிட்ட, "சித்த நிறுத்துங்க"ன்னா. பூ வாங்கப் போறாளாக்கும்னு நிறுத்தினேன். கதவைச் சாத்திப்போட்டு நேராப் போயி கவுந்தப்பாடி டவுன் பஸ்ஸுல ஏறிட்டா. முழங்கால் வலிக்காரி! படியப் புடிச்சுத் தொங்கிட்டு ஏர்றா. நான் கூப்பிடறேன், திரும்பிக்கூடப் பார்க்கல. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. பஸ்ஸுக்குப் பின்னாலயே வந்தேன். மாலை போட்ட வண்டி, உள்ள நான் ஒருத்தன். ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு பஸ் நிக்குது, நானும் நிக்கறேன். ஜனங்க எட்டிப் பார்க்குது, பொண்ணு மாப்பிள்ளைய எங்கன்னு.

நம்மூரு ஸ்டாப்புல எறங்கி, காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு ஊட்டுப் பக்கம் நடக்கறா. பக்கத்துல வண்டிய மெதுவா உருட்டிட்டே கெஞ்சறேன். ஏறு ருக்கு, கால் வலிக்கும், உனக்காகத்தானே இந்த வண்டிய வாங்கினேங்கறேன். நின்னா. இத்தனை வருசத்துல அவ என்னை அப்படிப் பார்த்ததில்லீங்க. "நான் கேட்டனா?"ன்னா.

அன்னையில இருந்து அவ இந்த வண்டியில ஏறல. எங்க போனாலும் பஸ்ஸுதான். நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க தம்பி. நல்லது பண்றதுக்கு முன்னால எவனாவது கேட்டுட்டு நிப்பானா?